மானுக்கும் பன்றிக்கும் எந்தத் துவக்கு?

வவுனியாவில் கேட்டாலும் அம்பாறையில் கேட்டாலும் மொனராகலையில் கேட்டாலும், மான், பன்றி என்ற பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: பன்னிரண்டு போர் துவக்கு, எஸ்.ஜி. தோட்டா. அமெரிக்காவில் இதே விலங்குகளின் உறவினர்களைச் சுடுகிறவர்கள் .30-30 நல்லதா, .270 நல்லதா, .308 நல்லதா என்று பல பத்தாண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். விலங்கின் எடை, தோலின் தடிப்பு, சுடும் தூரம் என்று கணக்குப் போட்டு ரைபிளையும் தோட்டாவையும் தெரிவு செய்கிறார்கள். இலங்கையில் மட்டும் அந்த வாதமே எழாமல் போனது ஏன்? வெள்ளவத்தையில் குடியிருக்கும் ஒருவனுக்கு இந்தக் கேள்வியால் ஆகப்போவது என்ன என்று கேட்கலாம். காட்டு இறைச்சி கள்ளமாக வந்து சேரும் நகரத்தில் இருந்துகொண்டு, அது எப்படி விழுத்தப்பட்டது என்று யோசிக்காமல் இருப்பதுதான் எனக்கு வியப்பாகப் படுகிறது. பழைய வேட்டை நூல்களையும் சட்டங்களையும் தோட்டா அட்டவணைகளையும் இந்த ஒரு கேள்வியோடு படித்துப் போனேன். கிடைத்த விடை இதுதான்: இந்த நாட்டில் மானுக்கும் பன்றிக்குமான துவக்கை மானும் பன்றியும் தீர்மானிக்கவில்லை. காட்டின் தூரம் பாதியைத் தீர்மானித்தது. கச்சேரியின் அனுமதிப்பத்திரம் மீதியைத் தீர்மானித்தது.

முதலில் எழும் ஊகம், இது வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம் என்பது. அந்த ஊகம் சாமுவேல் பேக்கரிடமே உடைந்துவிடுகிறது. 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறி, 1850களில் இலங்கை வேட்டையைப் பற்றிப் புகழ்பெற்ற நூலை எழுதியவர் அவர். பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் என்ற துவக்குச் செய்பவரைக் கொண்டு 1840இல் அவர் செய்வித்த ரைபிளின் எடை 21 றாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. அதன் குண்டு நான்கு அவுன்ஸ், ஒரு வெடிக்குப் போட்ட கரிமருந்து 16 டிராம், இன்றைய அளவில் 28 கிராம். அதோடு இரண்டு அவுன்ஸ் ரைபிள் ஒன்றும், பத்துப் போர் இரட்டைக்குழல் ரைபிள்கள் நான்கும் அவரிடம் இருந்தன. புரி வெட்டாத வழுவழுப்பான குழலை அவர் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. ஆகவே இன்றைய பன்னிரண்டு போருக்கு அவர் பாட்டன் இல்லை. ஆனால் அவருடைய இந்தப் பீரங்கிகளும் மானுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை யானைக்கானவை. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றொஜர்ஸ் ஆயிரத்து நானூறு யானைக்கு மேல் சுட்டதாகப் பேசப்பட்ட காலம் அது.

மரை விடயத்தில் பேக்கர் செய்ததுதான் என் கேள்விக்கு அதிகம் உதவியது. நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளிப் பக்கத்திலும் அவர் மரையை நாய்க்கூட்டத்தை விட்டுத் துரத்தி, ஆற்றில் மடக்கி, கத்தியால் குத்தினார். உலகின் மிகப் பாரமான ரைபிள்களில் ஒன்றை வைத்திருந்தவர், இருநூறு கிலோவைத் தாண்டக்கூடிய விலங்கைக் கத்தியால் கொன்றார். மலைக்காடு அவ்வளவு அடர்த்தி. சுடுவதற்கு விலங்கு கண்ணில் பட வேண்டும். படாத இடத்தில் ரைபிளின் வலுவால் பயனில்லை. பிற்காலத் தோட்டத்துரைமாரும் அதையே தொடர்ந்தார்கள். ஹோட்டன் சமவெளியில் இன்று சுற்றுலாப் பயணிகள் இறங்கும் ‘பார் இன்’ கட்டடம், தோமஸ் பார் என்ற துரையின் பெயரைத் தாங்கிய பழைய வேட்டை விடுதிதான். பேக்கரின் வழக்கம் சொல்வது ஒன்றே: விலங்கின் உடல்வலு எவ்வளவு என்பது இரண்டாம் கேள்வி. எவ்வளவு தூரத்தில் அது அகப்படும் என்பதே முதற் கேள்வி.

அந்தத் தூரத்தை வறண்ட வலயத்துக்குக் கொண்டுவந்து கணக்குப் பார்ப்போம். பன்னிரண்டு போர் என்றால் என்ன? ஒரு றாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஒரு உருண்டை சரியாக நுழையும் குழல், அதாவது பதினெட்டரை மில்லிமீற்றர் விட்டம். அதே குழலில் எதையும் போடலாம். பழைய ஆங்கில அட்டவணைப்படி நாலாம் நம்பர் சன்னம் ஒரு அவுன்ஸுக்கு 170. அது முயலுக்கும் பறவைக்கும். எஸ்.ஜி. ஒரு அவுன்ஸுக்கு எட்டு, எல்.ஜி. ஆறு. ஆகவே ஒரு எஸ்.ஜி. தோட்டாவில் சுமார் ஒன்பது உருண்டைகள் இருக்கும், ஒவ்வொன்றும் மூன்றரைக் கிராம். குழல் வாயில் ஒன்பதும் சேர்ந்து சுமக்கும் சக்தி, பழைய இராணுவ .303 குண்டின் சக்திக்கு அதிகம் குறைந்ததல்ல. வேறுபாடு இனித்தான் வருகிறது. .303 குண்டு பதினொரு கிராமும் ஒரே துண்டாய்ப் போகும். எஸ்.ஜி. ஒன்பதாய்ப் பிரிந்து, போகப் போக விரியும். துவக்குச் செய்பவர்கள் வழமையாகச் சோதிக்கும் அளவு, 40 யார் தூரத்தில் 30 அங்குல வட்டம். வாய் ஒடுக்காத குழல் தன் சன்னங்களில் சுமார் நாற்பது சதவீதத்தையே அந்த வட்டத்துக்குள் போடும். ஒன்பதில் நாலு. புள்ளிமானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டளவு. அந்தத் தட்டில் ஒன்று படுவதே அதிர்ஷ்டம். மற்றவை வயிற்றிலும் தொடையிலும் பட்டு, மான் காட்டுக்குள் ஓடி எங்கோ கிடந்து சாகும். இருபது மீற்றரில் அதே தோட்டா தன் உருண்டைகளில் பெரும்பாலானவற்றை நெருக்கமாக இறக்கும். பன்றிக்கும் இந்தக் கணக்கே. தடித்த ஆண் பன்றியின் தோள்மேல் கேடயம்போல் இறுகிய தோல்தட்டு இருக்கிறது. கிட்ட நின்று சுட்டால் எஸ்.ஜி. அதைத் துளைக்கும். எட்ட நின்று சுட்டால் காயம்தான். வன்னியின் முட்பற்றைக்குள் முப்பது மீற்றருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. குளக்கரைப் பரணில் இருப்பவன் அதைவிடக் கிட்டவே எதிர்பார்க்கிறான். ஆகவே பன்னிரண்டு போர் அறியாமையில் விளைந்த தெரிவல்ல. அந்தக் காட்டின் தூரத்துக்கு அது சரியான ஆயுதம்.

இத்தோடு கட்டுரையை முடித்தால் அரைவாசி உண்மையைத்தான் சொன்னவனாவேன். குளங்களின் வெளியிலும் கிழக்கின் புல்வெளிகளிலும் நூறு மீற்றர் தூரத்தில் மான் மந்தை நிற்கும். அங்கே ரைபிள்தான் பொருத்தம். ஆனாலும் அங்கேயும் கமக்காரன் கையில் ரைபிள் இல்லை. இதற்கு விடை தோட்டா அட்டவணையில் கிடையாது, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. வேட்டைத் தோட்டாவை அரசு எப்படி வடிவமைக்கும் என்பதற்கு அயலிலேயே தெளிவான சாட்சி உண்டு. 1907இல் பிரித்தானியர் இந்தியாவுக்கும் சூடானுக்கும் .450 அளவு ரைபிள் கொண்டுபோவதைத் தடுத்தார்கள். அந்த அளவு ரவை, கிளர்ச்சிக்காரர் கையிலுள்ள பழைய இராணுவ மார்ட்டினி ஹென்றி ரைபிளுக்குப் பயன்படும் என்ற பயம். லண்டன் துவக்குச் செய்பவர்கள் உடனே .465, .470 என்று புதிய அளவுகளைக் கொண்டுவந்தார்கள். யானைக்கும் காட்டெருமைக்கும் பேர்போன அந்தத் தோட்டாக்கள் பிறந்ததற்கு யானை காரணமல்ல, ஒரு தடையுத்தரவு காரணம். இலங்கையில் 1915இல் சிங்கள முஸ்லிம் கலவரம் நடந்து, இராணுவச் சட்டம் போடப்பட்டது. மறு ஆண்டே, 1916இல், சுடுகலன் கட்டளைச் சட்டம் வந்தது. இந்த ஆண்டு வரிசையைத் தற்செயல் என்று தள்ள என்னால் முடியவில்லை. இன்றைக்கும் நடைமுறையில் இருப்பது அதே சட்டம். அதன்படி துவக்கு வைத்திருப்பவன் ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். பயிர்க்காவலுக்கு என்று மாவட்டச் செயலகம் ஊடாகக் கமக்காரனுக்குக் கிடைப்பது சன்னத் துவக்கு. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் இளைஞர்கள் சன்னத் துவக்குகளையும் கைக்குண்டுகளையும் வைத்தே பொலிஸ் நிலையங்களைத் தாக்கினார்கள். அதற்குப் பிறகு எந்த அரசாங்கம் ஊருக்கு ரைபிள் கொடுக்கும்?

காட்டு விலங்குச் சட்டம் இன்னொரு பக்கத்தால் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான், மரையின் தோலும் கொம்பும் ஏற்றுமதிச் சரக்கு. கொட்டாஞ்சேனைக்குக் கீழே கிடக்கும் துறைமுகத்தில் அவை கப்பலேறின. இந்த அழிவைக் கண்டு 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் யார் என்று பார்த்தால், வேட்டையாடிய துரைமாரேதான். அதுவே பின்னர் வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாயிற்று. யால காட்டில் ஒரு பகுதி, நாட்டில் வதியும் வேட்டைக்காரருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. 1937இல் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. மறு ஆண்டு யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்களாயின. ஒரு காலத்தில் அனுமதி பெற்று, பருவம் பார்த்துச் சுடலாம் என்றிருந்த புள்ளிமானும் மரையும் இன்று முற்றாகப் பாதுகாக்கப்பட்டவை. எனவே மானுக்கு எந்தத் தோட்டா என்ற கேள்வியே இலங்கையில் காலாவதியாகிவிட்டது. மீந்திருப்பது பன்றி ஒன்றுதான்.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது: இதில் சட்டமும் தூரமும் ஏன்? ஏழைக் கமக்காரனால் ரைபிள் வாங்க முடியாது, அவ்வளவுதானே? பணம் ஒரு காரணம் என்பது உண்மை. ஆனால் பணம் மட்டும் காரணமென்றால் வசதியுள்ள நிலக்காரன் கையிலாவது ரைபிள் வழக்கமாயிருக்க வேண்டும். அவனும் பன்னிரண்டு போரோடுதான் நிற்கிறான். இரண்டாவது மறுப்பு கனமானது: ஒரே குண்டில் சுத்தமாகக் கொல்லும் ரைபிளை மறுத்து, காயப்படுத்தி விரட்டும் சன்னத்தைக் கொடுப்பது விலங்குக்குச் செய்யும் கொடுமை அல்லவா? வெட்டவெளியில், தேர்ந்த கையில், இது சரியான வாதம். ஆனால் இராணுவ அளவு ரைபிள் குண்டு தவறினால் இரண்டு மூன்று கிலோமீற்றர் பறக்கும். நம் வயலுக்கு அப்பால் இன்னொரு வயல், அதற்கப்பால் வீடு, பள்ளிக்கூடம், கோயில். எஸ்.ஜி. உருண்டை சில நூறு மீற்றருக்குள் வலுவிழந்து விழுந்துவிடும். நெருங்கி வாழும் நாட்டில் இந்தக் குறை ஒரு காப்பு. விலங்கின் வேதனையைக் குறைக்க ரைபிள் தேவையில்லை. இருபத்தைந்து மீற்றருக்கு மேல் சுடாதே என்ற ஒழுங்கு போதும்.

உண்மையான கொடுமை வேறெங்கோ இருக்கிறது. அனுமதிப்பத்திரத் துவக்கு கிடைக்காத இடத்தில் பன்றி தப்பிவிடுவதில்லை, கமக்காரன் வேறு வழி பார்க்கிறான். தண்ணீர்க் குழாயைக் குழலாக்கிச் செய்த கட்டுத்துவக்கைப் பன்றியின் உயரத்துக்குக் கட்டிவைக்கிறார்கள். அதன் விசையோடு இணைத்த கம்பியில் கால் தட்டுப்படும் மனிதனுக்கு அதே உயரத்தில் முழங்கால் சிதறுகிறது. தீனிக்குள் வெடிமருந்து பொதிந்த ஹக்க பட்டாஸைப் பன்றிக்காக வைக்கிறார்கள். யானைக்கன்று அதைக் கடித்து, தாடை உடைந்து, தின்ன முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. மலையகத்தில் மரக்கறிப் பாத்தியைச் சுற்றிப் போடும் கம்பிச் சுருக்கில் பன்றியைவிடப் பெறுமதியானவை விழுகின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் அகப்பட்ட அரிய கறுஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாளில் செத்துப்போனது. இந்த மூன்று கருவிக்கும் பொதுவான குற்றம் ஒன்று: எதைக் கொல்கிறோம் என்று பார்த்துக் கொல்பவன் அங்கே இல்லை.

கொழும்பில் இருப்பவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். கொட்டாஞ்சேனையில் துப்பாக்கிச் சத்தம் என்றால் பாதாள உலகம் என்றுதான் அர்த்தம், இன்னும் துவக்கைப் பரப்பச் சொல்கிறாயா என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நகரக் கொலைகளில் அடிபடும் பெயர்கள் டீ-56உம் கைத்துப்பாக்கியும். வயல்காவலுக்கு வைத்த நீளக் குழல் பன்னிரண்டு போரை மோட்டார் சைக்கிளில் ஒளித்துக்கொண்டு போவது லேசான காரியமல்ல. அதைவிட முக்கியம், அனுமதிப்பத்திரத் துவக்குக்கு இலக்கமுண்டு, உரிமையாளன் உண்டு, ஆண்டுக்கொருமுறை கணக்குக் காட்டும் கடமையும் உண்டு. கட்டுத்துவக்குக்கு இவை ஒன்றும் கிடையாது. சட்டம் இறுகிய இடத்தில் துவக்குக் குறையவில்லை. இலக்கமுள்ளது போய், இலக்கமில்லாதது வந்தது.

என் தேடலின் முடிவு இதுதான். மானுக்கு எந்தத் துவக்கும் வேண்டாம், அதைச் சட்டம் சரியாகவே மூடிவிட்டது. பன்றிக்கு அனுமதிப்பத்திரமுள்ள பன்னிரண்டு போரும், எஸ்.ஜி. தோட்டாவும், இருபத்தைந்து மீற்றர் எல்லையும் போதும். மாவட்டச் செயலகங்கள் பயிர்க்காவல் விண்ணப்பங்களை மாதக்கணக்கில் கிடப்பில் போடாமல், துவக்கைப் பிடிக்கப் பழக்கி, தோட்டாவைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கட்டும். கட்டுத்துவக்கும் சுருக்கும் ஹக்க பட்டாஸும் வைப்பவரைத் தண்டிக்கும் தார்மீக உரிமை அதற்குப் பிறகுதான் அரசுக்கு வரும்.