மலையேறும் புல்

செட்டிநாட்டு நகரத்தார் தைப்பூசத்தை ஒட்டிக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடி சுமந்து நடக்கும் வழக்கம் பல தலைமுறைகளாகத் தொடர்வது. வழியில் ஊசிப்புல்லின் விதைகள் நடப்பவரின் வேட்டி ஓரத்தில் தைத்துக்கொள்ளும். அவ்விதையின் நுனி கூர்மையானது, வால் நீண்டது. பனியில் நனைந்தால் அவ்வாலின் முறுக்கு அவிழும். வெயிலில் உலர்ந்தால் மீண்டும் முறுக்கேறும். இச்சுழற்சியால் விதை திருகாணிபோலத் தானே மண்ணுக்குள் இறங்கிவிடும். காரைக்குடிச் செம்மண் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர்கூட உயரமில்லாதது. அங்கே நெடுங்கோடையைக் கடந்து அடுத்த மழை வரை காத்திருக்கப் புல் கற்றுக்கொண்ட வித்தை இது.

அடியார்களின் பயணம் பழனியாண்டவர் குன்றில் நிறைவுறும். அக்குன்றுக்குத் தெற்கே பழனிமலைத் தொடர் சுவரென எழுகிறது. கொடைக்கானலில் 2100 மீட்டரை எட்டி, வந்தரவு முகட்டில் 2500 மீட்டரைக் கடக்கிறது. 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். சமவெளிப் புல்லுக்கு வெயிலும் வறட்சியும் பகை; உச்சிப் புல்லுக்குக் குளிரும் காற்றும் பகை.

இவ்வேறுபாடு புல் உணவு சமைக்கும் முறையிலேயே புலப்படுகிறது. நெல், மூங்கில் போன்றவற்றில் கரியமில வாயுவைப் பற்றும் நொதி, வெப்பம் மிகும்போது தடுமாறி ஆக்சிஜனையும் பற்றி உழைப்பை வீணாக்கும். இது மூன்று கரிம முறை. அருகு, சோளம், கரும்பு, ஊசிப்புல் ஆகியவை நான்கு கரிம முறையைக் கையாள்வன. இவை கரியமில வாயுவை இலையின் உட்புறச் செல்களில் செறிவாகத் திரட்டிய பின்னரே அந்நொதியிடம் சேர்க்கின்றன. திரட்டுவதற்குக் கூடுதல் ஆற்றல் செலவாகும். கொளுத்தும் வெயிலில் அச்செலவு வட்டியோடு திரும்பிவிடும். கொடுக்கல் வாங்கலில் தேர்ந்த செட்டிநாட்டார்க்கு இக்கணக்கை விளக்கவும் வேண்டுமோ! குளிர்ந்த உயரத்தில் நொதியின் தடுமாற்றம் குறைவதால், முதல் போட்டும் ஆதாயம் வாராது. எனவே உயரம் கூடக்கூட மூன்று கரிமப் புற்களின் பங்கு கூடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளில் இருவகையும் கலந்தே நிற்கின்றன. நீலகிரிச் சதுப்புகளில் மக்கிப் படிந்த அடுக்குகளை ஆராய்ந்து ஆர். சுகுமார் முதலானோர் 1993-இல் வெளியிட்ட ஆய்வு, பல்லாயிரம் ஆண்டுகளில் பருவமழை வலுத்தும் மெலிந்தும் வந்ததற்கேற்ப இவ்விருவகைத் தாவரங்களின் விகிதமும் மாறிமாறி வந்ததைக் காட்டுகிறது.

அடியார்கள் நடக்கும் அதே தை மாதத்தில் மலைமுகட்டில் இரவுகளில் உறைபனி படிவதுண்டு. திறந்த வெளியில் முளைத்த சோலை மரக்கன்றின் தளிர் நுனி மேலே இருப்பதால் கருகிவிடும். புல்லின் வளர்முனையோ மண்ணை ஒட்டி, தூரின் அடியில், பழைய தாள்களின் போர்வைக்குள் ஒளிந்திருக்கும். மேற்பகுதி காய்ந்தாலும் அடியிலிருந்து புதுத் தாள் எழும். மடிப்புகளில் சோலைக்காடும் சரிவுகளில் புல்வெளியுமாக அம்மலைகள் அமைந்ததற்கு இவ்வுறைபனியும் ஒரு காரணம். அப்புல்லை நம்பியே நம் மாநில விலங்கான வரையாடு வாழ்கிறது.

இவ்வளவு நுட்பமாய் அமைந்த நிலத்தை ஆங்கிலேயர் ஆட்சி வெற்றிடமெனக் கருதியது. மரம் இருந்தால்தான் காடு என்னும் எண்ணம் விடுதலைக்குப் பின்னும் மாறவில்லை. ஆஸ்திரேலியச் சீகை, தைலமரம், வெளிநாட்டுப் பைன் ஆகியவை புல்லின்மேல் நடப்பட்டன. இவற்றுள் பல உறைபனியைத் தாங்குவன. ஆதலால் புல்லுக்கிருந்த இயற்கைக் காவல் பயனற்றுப் போயிற்று. மரத்தோட்டங்களும் வேளாண்மையும் பெருகியதால், நான்கு பத்தாண்டுகளில் பழனிமலையின் புல்வெளி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு கூறுகிறது. தரிசு என்னும் ஒற்றைச் சொல் கோடரியைவிட மிகுதியாய் அழித்திருக்கிறது.

புவி வெப்பமாகும்போது சரிவின் நடுவிலுள்ள புல் இன்னும் சற்று மேலே ஏறலாம். முகட்டுப் புல்லுக்கு ஏறிச் செல்ல இடமில்லை. அயல் மரங்களை அகற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது. ஆயினும் வெட்டிய இடத்தில், மண்ணுள் பல்லாண்டுகள் உறங்கிய சீகை விதைகள் மீண்டும் முளைக்கின்றன. அவற்றைக் கையால் பிடுங்கிவிட்டு, எஞ்சிய புல்வெளிகளிலிருந்து பெயர்த்த தூர்களை ஒவ்வொன்றாக ஆர்வலர்கள் நட்டு வருகின்றனர்.