கோப்புறை மாறியது, மாறி மாறவில்லை

“பதறாத காரியம் சிதறாது” என்று என் பாட்டி அடிக்கடி கூறுவார். அதன் பொருள் எனக்கு விளங்கியது நம் பள்ளிக் கணினிக்கூடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலையில்தான்.

நூலகப் புத்தகங்களின் பட்டியலைக் கணினியில் ஏற்றும் பொறுப்பைச் சிஸ்டர் என்னிடம் ஒப்படைத்திருந்தார். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் இருவர் உணவு இடைவேளையில் பதிவேட்டைப் பார்த்து எண்ணையும் தலைப்பையும் வாசிப்பார்கள். நான் தட்டச்சு செய்வேன். ஆறு வாரங்களில் 1,140 புத்தகங்களை ஏற்றிவிட்டோம். அதே சமயம், விளையாட்டு விழாவில் நான்கு அணிகளும் பெறும் புள்ளிகளைக் கூட்டுவதற்கு ஒரு சிறு நிரலையும் எழுதிவந்தேன்.

தங்கள் தரவுத்தளம் எங்கே இருக்கிறது என்பதை இவ்விரு நிரல்களும் ஒரே பெயருள்ள ‘சூழல் மாறி’யைப் பார்த்தே அறிந்துகொள்ளும். சூழல் மாறி என்பது வேறொன்றுமில்லை; ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு. நாம் கட்டளைகளைத் தட்டும் ‘ஷெல்’ அதை நினைவில் வைத்துக்கொண்டு, தான் தொடங்கிவைக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு படி எடுத்துக் கொடுக்கும். 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. முகவரியை நிரலுக்குள் எழுதிவிடாமல் வெளியிலிருந்து கொடுப்பதால், ஒரே நிரலை வீட்டிலும் பள்ளியிலும் மாற்றமின்றி ஓட்டலாம்.

அன்று ‘எக்ஸ்போர்ட்’ என்னும் கட்டளையால் நூலகத் தரவுத்தளத்தின் முகவரியைக் கொடுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். மணி நான்கு அடித்தது. பேருந்து போய்விடுமே என்ற பதற்றத்தில், அதே சாளரத்தில் விளையாட்டு விழாக் கோப்புறைக்குள் சென்றேன். பழைய புள்ளிகளை நீக்குவதற்காக, எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைத் தட்டினேன். கோப்புறை மாறியது, ஆனால் சூழல் மாறி மாறவில்லை! அழிந்தது புள்ளிகள் அல்ல, நூலகப் பட்டியல்.

என் கை கால்கள் நடுங்கின. கணினி பழுதாகிவிட்டது என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் எண்ணினேன். பிறகு, அந்தத் தங்கைகளின் முகங்கள் நினைவுக்கு வர, நேரே சிஸ்டரிடம் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. “அழுவதை நிறுத்து. நீ தட்டிய கட்டளைகளை வரிசையாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு வா” என்றார். எழுதும்போதுதான் என் பிழை எந்த வரியில் இருக்கிறதென்று கண்டேன்.

நல்லவேளையாகப் பதினெட்டு நாட்களுக்கு முன் எடுத்துவைத்த படி ஒன்று இருந்தது. எஞ்சிய 310 புத்தகங்களை மீண்டும் ஏற்றினோம். தங்கைகள் “பரவாயில்லை அக்கா” என்று மறுபடியும் வாசித்தார்கள். அந்த இரண்டு வாரமும் எனக்கு அதுவே தண்டனையாக இருந்தது.

இனி இப்படி நேராதிருக்க வழி தேடினேன். முதலில், ஷெல் தொடங்கும்போதெல்லாம் படிக்கும் ‘பாஷ்ஆர்சி’ கோப்பில் முகவரியை எழுதினேன். அது எல்லா வேலைகளுக்கும் பொதுவானது. ஆகவே குழப்பம் நிலையாகிவிட்டது! பின்னர்தான் ‘டைர்-என்வ்’ என்னும் கருவியைச் சிஸ்டர் காட்டினார். ஒவ்வொரு வேலையின் கோப்புறையிலும் ‘.என்விஆர்சி’ என்ற கோப்பை வைத்து, அந்த வேலைக்குரிய மாறிகளை அதில் எழுதிவிட வேண்டும். ‘பாஷ்ஆர்சி’யில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், அதன்பின், நாம் கோப்புறைக்குள் நுழைந்ததும் அம்மாறிகள் ஏறும், வெளியேறியதும் இறங்கும். வேதியியல் கூடத்துக்குள் போகும்போது மேலங்கி அணிந்து, வரும்போது கழற்றி மாட்டுகிறோமே, அதைப் போல.

புதிய கோப்பை இக்கருவி உடனே நம்பிவிடுவதில்லை. ‘அலவ்’ என்று நாம் அனுமதி கொடுக்க வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி அனுமதி கேட்கும். பிறர் அனுப்பிய கோப்பில் எந்தக் கட்டளையும் ஒளிந்திருக்கலாம் அல்லவா? படித்துப் பார்த்த பின்னரே அனுமதிக்க வேண்டும்.

தோழியரே, இன்னொன்றையும் மறவாதீர்கள். கடவுச்சொல் உள்ள கோப்பைக் ‘கிட்’ வழியாகப் பிறருக்கு அனுப்பிவிடக் கூடாது. அதன் பெயரைக் ‘கிட்இக்னோர்’ கோப்பில் எழுதிவிட்டு, மாறிகளின் பெயர்கள் மட்டும் உள்ள மாதிரிக் கோப்பொன்றைப் பகிருங்கள்.

எந்தக் கருவியும் கவனத்துக்கு ஈடாகாது. கோப்பிலேயே தவறான முகவரியை எழுதினால் அதுவும் தவறான இடத்துக்கே கொண்டுசெல்லும். ஆதலால் என் நிரல் இப்போது எதையும் அழிக்குமுன் தரவுத்தளத்தின் பெயரைக் காட்டி, அதை என்னையே தட்டச் சொல்கிறது. அந்தச் சில நொடிகளில் பேருந்து போனாலும் போகட்டும்!

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி