இருபத்தெட்டுப் புளியங்கொட்டைகள்

"எங்கள் பிள்ளைக்குக் கணக்கே வராது, சாமி" என்று பெற்றோர் சிலர் பிள்ளையின் எதிரிலேயே நம்மிடம் கூறுவதுண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் பழைய நினைவொன்று நம்மை உறுத்தும். குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில் நாம் ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தி வந்தோம். விடை தவறிய சிறுவன் ஒருவனை எழுப்பி நிறுத்தி, "உன் தலையில் இருப்பது களிமண்ணா?" என்று கேட்டுவிட்டோம். வகுப்பே சிரித்தது. அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவன் நம் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அவன் ஒருவேளை மறந்திருக்கலாம், நாம் மறக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்துக் கடலூரில் பங்குப் பொறுப்பேற்றபோது, கடற்கரைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் கணக்குச் சொல்லித்தர முன்வந்தோம். கோலைத் தொடுவதில்லை, கடுஞ்சொல் கூறுவதில்லை என்று உறுதி பூண்டிருந்தோம். ஆயினும் கரும்பலகையில் எண்களை எழுதியதுமே பிள்ளைகளின் முகம் வாடியது. ஒருநாள் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, பல்லாங்குழிக்கெனச் சேர்த்து வைத்திருந்த புளியங்கொட்டைகளைத் தரையில் கொட்டினோம்.

விளையாட்டு எளியது. கொட்டைகளைச் சதுரமாக அடுக்க வேண்டும். ஒற்றைக் கொட்டையும் ஒரு சதுரமே. அடுத்தவை 4, 9, 16, 25 என வளரும். எந்த எண்ணைக் கூறினாலும், மிச்சமின்றி, மிகக் குறைந்த சதுரங்களில் அடுக்கியவரே வென்றவர். 12 கொட்டைகளைக் கொடுத்துப் பாருங்கள். அவசரக்காரர் முதலில் 9-ஐ அடுக்கிவிட்டு, மீந்த மூன்றை ஒவ்வொன்றாக வைத்து நான்கு சதுரம் என்பார். பொறுமைசாலி 4, 4, 4 என்று மூன்றே சதுரங்களில் முடித்துவிடுவார். பெருக்கல், கூட்டல், மீதி எல்லாம் இவ்விளையாட்டில் தாமாகவே பழகிவிடும். வாய்ப்பாடு சொல்ல மறுத்த சிறுவனும் "நாலு நாலு பதினாறு" என்று முணுமுணுக்கத் தொடங்கினான்.

பிள்ளைகள் 1 முதல் வரிசையாக அடுக்கி வந்தனர். பெரும்பாலான எண்களுக்கு மூன்று சதுரங்களே போதுமானவை. 7-க்கு மட்டும் நான்கு தேவைப்பட்டன. பின்னர் 15-க்கும், 23-க்கும் அவ்வாறே. நாம் பெருமிதத்தோடு, "எட்டு எட்டாகக் கூட்டுங்கள், அடுத்த எண் 31" என்று அறிவித்தோம்.

பின்வரிசையில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தயங்கி எழுந்தாள். மீன் விற்கும் தாய்க்குச் சந்தையில் சில்லறைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவள், வகுப்பிலோ பேசாதவள். "சாமி, 28-க்கும் நாலு வருது. மூணுல அடுக்கிப் பார்த்தேன், முடியல."

அனைவரும் 28 கொட்டைகளை எடுத்துக்கொண்டனர். 25, 1, 1, 1. அல்லது 16, 4, 4, 4. அல்லது 9, 9, 9, 1. எப்படி மாற்றினும் நான்கிற்குக் குறையவில்லை. 31 பற்றி நாம் கூறியது சரியே. ஆனால் இடையில் எதுவுமில்லை என எண்ணியது பிழை. "சாமி சொன்னது தப்பு!" என்று ஒரு சிறுவன் கூவ, வகுப்பே சிரித்தது. நாமும் சேர்ந்து சிரித்தோம். கரும்பலகையில் 28 என எழுதும்படி அச்சிறுமியிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்தோம். அவள் கை நடுங்கவில்லை.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைச் சிதம்பரத்திற்கு அழைத்துச் சென்றோம். இரயில் பரங்கிப்பேட்டையைக் கடக்கையில் அவர்களிடம் ஒரு செய்தி கூறினோம். எந்த எண்ணுக்கும் நான்கு சதுரங்களுக்கு மேல் தேவையில்லை என்பதை 1770-இல் லாக்ராஞ்சு என்னும் அறிஞர் நிறுவினார். சதுரத்துக்குப் பதில், ஓர் எண்ணை ஆறு முறை எழுதிப் பெருக்கி வரும் 1, 64, 729 போன்ற எண்களைக் கொண்டு அடுக்கினால் எத்தனை தேவைப்படும்? அதிகம் போனால் 73 என்று 1940-இல் நிறுவியவர் நம் தமிழ்நாட்டு வல்லத்தில் 1901-இல் பிறந்த சிவசங்கரநாராயண பிள்ளை. அப்போது அவர் சிதம்பரத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். 1950-இல் அமெரிக்கா செல்லும் வழியில், எகிப்தில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார்.

"அத்தனைக் கொட்டையும் அவர் எங்கே அடுக்கினார், சாமி?" என்று கேட்டாள் அச்சிறுமி. அடுக்கவில்லை, மகளே, எண்களுக்கு முடிவில்லை, அடுக்க ஆயுள் போதாது. அதனால்தான் சிந்தித்து நிறுவ வேண்டியிருந்தது என்றோம். விளையாட்டு பிள்ளையை வாசல்வரை அழைத்து வரும். உள்ளே நுழைய நியாயம் காணும் அறிவு வேண்டும். ஆனால் அஞ்சி நிற்கும் பிள்ளை வாசலுக்கே வருவதில்லையே!

பெற்றோரே, "கணக்கு வராது" என்று கூறுமுன் ஒரு பிடி புளியங்கொட்டையோடு பிள்ளையின் அருகில் அமருங்கள். நீங்கள் தவறினால் அதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். அன்று நாம் தலைகுனிய வைத்த அந்தச் சிறுவனுக்கு இவ்வாய்ப்பை நாம் தரவில்லை.