கறை துடைக்கும் கரங்கள்

கொலையோ தற்கொலையோ நிகழ்ந்த வீட்டைக் காவல்துறையினரே கழுவிக் கொடுத்துச் செல்வர் என்றுதான் நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். கலிஃபோர்னியாவில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தபோது அவ்வெண்ணம் மாறியது.

எதிர்வீட்டு முதியவர் தனிமையில் இறந்ததைப் பல நாள் கழித்தே பிறர் அறிந்தனர். உடலை அரசு வாகனம் கொண்டு சென்றது; அறை அப்படியே கிடந்தது. அதைத் தூய்மை செய்வது அங்கே வீட்டாரின் பொறுப்பு. வேற்றூரிலிருந்து விரைந்து வந்த மகள் வாசற்படியிலேயே அமர்ந்துவிட்டார். உள்ளே செல்ல அவருக்குக் கால் எழவில்லை.

மறுநாள், இதனையே தொழிலாகக் கொண்ட மூவர் உடல் முழுதும் மூடிய உடையும் முகக்கவசமும் அணிந்து வந்தனர். மேலே உள்ளங்கையளவு தெரியும் கறை, தரைவிரிப்பின் அடியில் பாயளவு பரவியிருக்கக்கூடும் என்றார் ஒருவர். ஆகவே விரிப்பை அறுத்தெடுத்து, ஊறிய பலகையையும் பெயர்த்துவிடுகின்றனர். கிருமிநாசினியைத் தெளித்த உடனே துடைப்பதில்லை. அது வேலை செய்யும்வரை காத்திருக்கின்றனர். ஹெப்பாடிடிஸ் பி கிருமி உலர்ந்த குருதியிலும் 7 நாளேனும் வீரியத்தோடிருக்கும். குருதியோடு புழங்கும் தொழிலாளருக்கு அதன் தடுப்பூசியை முதலாளி இலவசமாக அளிக்கவேண்டும் என்பது 1991ஆம் ஆண்டின் அமெரிக்க விதி.

மாலையில், துடைத்துத் தூய்மையாக்கிய மூக்குக் கண்ணாடியையும் சில நிழற்படங்களையும் மகளிடம் ஒப்படைத்தனர்.

"உள்ளே எப்படி இருந்தது?" என்று வினவினோம்.

"அதைச் சொல்வது எங்கள் வழக்கமில்லை" என்றார் அவர்.

மய்யித்தைக் குளிப்பாட்டும் நம் பெரியவர்களும் கண்ட குறையை வெளியே சொல்லார். அதனை அமானிதமாகக் காப்பர். அந்த அந்நியரின் மௌனத்திலும் அப்பண்பையே கண்டோம், கேட்டதற்காக நாணினோம்.