எட்டு விநாடி

டெல்லி முனிர்காவின் மூன்றாம் மாடியிலுள்ள ஒற்றையறை வீட்டில், காலையில் பதிவுக்கருவியை அணைக்க மறந்துவிட்டாள் அந்த ஆய்வு மாணவி. சந்தேரி நெசவாளர்களின் நேர்காணல்களை எழுத்தாக்குவதற்காக இரவில் அமர்ந்தபோது, கோப்பின் கடைசியில் கேட்டது அவளுடைய குரலே.

“இது என்ன? சொல்லுடா கண்ணா. யானை. யா... னை. சரி, இது? இது என்ன கலர்?”

பழக்கத்தால் அதையும் எழுதினாள். 10 நிமிடங்களில் 41 கேள்விகள். எந்தக் கேள்விக்குப் பின்னும் 2 விநாடிக்குமேல் இடைவெளி இல்லை. 22 மாத மகன் 6 இடங்களில் ஏதோ ஒலியெழுப்பியிருந்தான். 6 முறையும் அடுத்த கேள்வி அதன்மேல் விழுந்து மூடியிருந்தது. பின்னணியில் எவர்சில்வர் மூடி ஒன்று தரையில் சுழலும் ஓசை. பட அட்டைகளை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை என்பது அவளுக்கு நினைவிருந்தது.

முதிய நெசவாளர் ஒருவர் நினைவைத் தேடி மௌனமானால் அரை நிமிடம்கூடக் காத்திருப்பவள் அவள். வீட்டிலோ தேர்வு நடத்திக்கொண்டிருந்தாள்.

அச்சத்துக்குக் காரணம் இருந்தது. மகன் ஐந்தாறு சொற்களோடு நின்றிருந்தான். வீட்டில் தமிழ், வெளியே இந்தி என்று பிள்ளையைக் குழப்புவதாக மதுரையிலிருந்து மாமியார் தொலைபேசியில் வருந்தினார். செவித்திறன் சோதனையில் குறையேதும் இல்லை. இருமொழிச் சூழல் பேச்சைத் தாமதப்படுத்துவதில்லை என்று சொன்ன பேச்சுப் பயிற்சியாளர், அட்டைகளை எடுத்துவைக்கச் சொன்னார். தினமும் 10 நிமிடம் தரையில் எதிரே அமருங்கள். அவன் எதைக் கையிலெடுக்கிறானோ அதைப் பற்றி ஒரு சொல் சொல்லுங்கள். பிறகு மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள். இதற்கா கட்டணம் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. அது நடந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

டோமசெல்லோவும் ஃபாரரும் 1986இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. குழந்தை ஏற்கெனவே நோக்கிக்கொண்டிருக்கும் பொருளின் பெயரைச் சொன்னால் அது நன்கு பதிகிறது. நோக்கைத் திருப்பிவிட்டுச் சொன்னால் அவ்வளவாகப் பதிவதில்லை. மொழியியல் முதுகலையில் அவள் அதைப் படித்துத் தேர்வும் எழுதியவள். (தாய்மாருக்கான இத்தகைய அறிவுரைகள், அவர்களுக்கு நேரம் எங்கிருந்து வரும் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. அவளுடைய உதவித்தொகை அப்போது 4 மாதமாக வந்திருக்கவில்லை. அத்தியாயம் ஒன்றும் பாக்கி.)

மறுநாள் தரையில் அமர்ந்தாள். மூடி சுழன்றது. “சுத்துது” என்றாள். எண்ணினாள். ஏழில் அவன் நிமிர்ந்து பார்த்தான், அவ்வளவுதான். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கடினமாக இருந்தது. மூன்றாம் நாள் தாளமுடியாமல் “இது என்ன?” என்று கேட்டுவிட்டாள். அவன் மூடியை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டான்.

ஒன்பதாம் நாள் மூடியை அவள் பக்கம் தள்ளினான். அவள் சுழற்றினாள், உள்ளங்கையால் நிறுத்தினாள், காத்திருந்தாள். எட்டாவது விநாடியில், “துத்து”.

அடுத்த வாரம் மின்விசிறியும் துத்து, ஆட்டோவின் சக்கரமும் துத்து, தோசைக்கல்லில் மாவைச் சுற்றும் கரண்டியும் துத்து.