தாராவி ராப்பும் என் டாப் டென் நோட்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மக்களே. ராப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. இளையராஜாவில் கிளம்பி, ரஹ்மானில் பாதி வழி வந்து, அங்கேயே டீ குடித்துக்கொண்டு நின்றுவிட்ட ஆசாமி நான். இந்தப் பதிவை எழுத வைத்தது என் பையன்.

2018 மே மாதம். 'காலா' பாட்டுகள் 9ஆம் தேதி வெளிவந்தன. செம்பூர் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு நடக்கிறது. பன்னிரண்டு வயசுப் பிள்ளை, ஒரு காதில் இயர்போன், மறு காதில் அம்மாவின் திட்டு. திடீரென்று நிமிர்ந்து, "அப்பா, இது தமிழ்தானே?" என்று கேட்டான். கேட்டது இந்தியில். :-)

வாங்கிக் கேட்டேன். 'தெருவிளக்கு'. தமிழ்தான். ஆனால் நான் பேசுகிற தமிழும் இல்லை, சென்னைத் தமிழும் இல்லை. எங்கேயோ கேட்ட தமிழ்.

"பாடினது தாராவிப் பசங்களாம். டோப்அடெலிக்ஸ்னு பேரு. சார்ட்ல எத்தனையாவது இடம்ப்பா?"

இந்த 'எத்தனையாவது இடம்' வியாதி என்னிடமிருந்து அவனுக்கு வந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' முடிந்ததும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அந்த வாரத்து டாப் டென் எழுதுவேன். எல்லோரும் ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு பட்டியல் தமிழ்ப் பாட்டுக்கு அப்போது கிடையாது. இந்திக்கு ரேடியோ சிலோனில் அமீன் சயானியின் பினாகா கீத்மாலா 1952லேயே வந்துவிட்டது. நமக்கு நாமேதான். என்னுடைய அளவுகோல், பஸ் ஸ்டாப் டீக்கடையில் எந்தப் பாட்டு எத்தனை தடவை ஓடியது என்பது. 1989ல் 'கரகாட்டக்காரன்' பாட்டுகள் மாதக்கணக்கில் முதல் இடத்தை விட்டு இறங்கவே இல்லை. டீக்கடைக்காரர் ராமராஜன் ரசிகர் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. யாரிடம் கேட்டு எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது எல்லாம்.

நிற்க. இது நான் மட்டும் செய்த கூத்து இல்லை. அமெரிக்காவில் பில்போர்டு பத்திரிகையின் ஹாட் 100 பட்டியல் 1958ல் தொடங்கியது. விற்பனையைக் கடைக்காரர்களிடம் விசாரித்து எழுதுவதுதான் அங்கேயும் நெடுங்காலம் வழக்கம். கடைக்காரர் எதை விற்றதாகச் சொன்னாரோ அதுதான் கணக்கு. 1991ல் முறையை மாற்றினார்கள். கடையில் பார்கோடு வாசிக்கிற மெஷின் எண்ணுவதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சில வாரங்களிலேயே, அந்த ஜூன் மாதத்தில், என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடத்துக்குப் போய்விட்டது. கேட்கிற ஜனம் முன்பும் இருந்தது. எண்ணுகிற ஆள் மாறினார், அவ்வளவுதான்.

இன்னொரு கதையும் இருக்கிறது. 1995ல் நியூயார்க்கில் ஒரு ராப் விருது விழா. அட்லாண்டாவிலிருந்து வந்த அவுட்காஸ்ட் என்ற இரண்டு பேருக்கு விருது கொடுத்தால் கூட்டம் ஊளையிடுகிறது. தெற்கத்திக்காரனுக்கு ராப் வருமா என்ற எண்ணம். அதில் ஒருவர் மைக்கைப் பிடித்து, தெற்கிலும் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது என்கிற அர்த்தத்தில் ஒரு வரி சொல்லிவிட்டு இறங்கினார். அதே இருவரின் 'ஹே யா' 2003 டிசம்பரில் ஹாட் 100ன் உச்சிக்குப் போய் ஒன்பது வாரம் உட்கார்ந்திருந்தது. இதைப் படித்தபோது எனக்கு அட்லாண்டா ஞாபகம் வரவில்லை. பம்பாயில் 'மதராசி' என்று கூப்பிட்டவர்கள்தான் ஞாபகம் வந்தார்கள். இங்கே நாம்தானே தெற்கு.

சரி, தாராவிக்கு வருவோம்.

டோப்அடெலிக்ஸ் 2010களின் தொடக்கத்தில் சேர்ந்த குழு. ஸ்டோனி சைக்கோ, டோப் டாடி என்பவை மேடைப் பெயர்கள். தமிழ், இந்தி, மராத்தி, இங்கிலீஷ் எல்லாவற்றிலும் பாடுவார்கள். ரோட்டில் நிற்கிற பையனைப் போலீஸ் பிடித்து ஜேப்பைத் தடவுகிற கொடுமையைப் பற்றி 'ஆயி ஷப்பத் சாஹேப் மீ நவ்தோ' என்று மராத்தியில் ஒன்று. அம்மா சத்தியமாக நான் இல்லை சார் என்று அர்த்தம். அப்புறம் பா. ரஞ்சித்தின் 'காலா'. சந்தோஷ் நாராயணன் இசை. 'செம்ம வெயிட்டு' பாட்டின் ராப், 'போராடுவோம்', 'தெருவிளக்கு' இவற்றிலெல்லாம் இவர்கள் பெயர் இருக்கிறது. தாராவிக் கதைக்குத் தாராவிப் பையன்களையே எழுதவும் பாடவும் வைத்தார்கள்.

அடுத்த வருஷம், 2019 பிப்ரவரியில், 'கல்லி பாய்' வந்து உலகத்துக்கே தாராவி ராப்பைச் சொன்னது. ஆனால் அந்தக் கதைக்குத் தூண்டுதலாக இருந்த டிவைன் அந்தேரிக்காரர், நேஸி குர்லாக்காரர். விலாசம் மட்டும் தாராவி. இது எப்படி இருக்கு?

இந்த விலாச விஷயத்தில் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

1998 ஜூன். தாதர் ஸ்டேஷனில் மழையோடு வந்து இறங்கினேன். கையில் ஒரு சூட்கேஸ், ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் ஆர்டர். கூட்டிப்போக அத்தான் வந்திருந்தார். அப்பாவின் அக்கா மகன். அவர் எண்பதுகளிலேயே தாராவிக்கு வந்து இட்லி வியாபாரம் பார்த்தவர். விடிகாலை மூணு மணிக்கு அடுப்பு மூட்டி, ஆறு மணிக்கு அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பத்துக்குப் பன்னிரண்டு அறை, மேலே ஏணி வைத்து ஒரு பரண். அந்தப் பரணில் பதினோரு ராத்திரி படுத்தேன். எதிரே தோல் பை தைக்கிற பட்டறை. ராத்திரி பன்னிரண்டு வரை மெஷின் ஓடும், கூடவே டேப்ரிக்கார்டரில் 'காதலன்' கேசட் ஓடும். படம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. 'பேட்டை ராப்' தொடங்கினால் பட்டறைப் பையன்கள் சுரேஷ் பீட்டர்ஸோடு சேர்ந்து கத்துவார்கள், பாதி தமிழ் பாதி இந்தியில். அந்தத் தமிழைத்தான் இருபது வருஷம் கழித்து என் பையனின் இயர்போனில் கேட்டேன்.

ஆபீஸ் ட்ரெயினிங் முதல் நாள். எங்கே தங்கியிருக்கிறாய் என்று பக்கத்து சீட்டில் கேட்டார்கள். "தாராவி" என்றேன். கேட்டவர் முகம் போன போக்கு! மறுநாள் இன்னொருவர் கேட்டபோது வாய் தானாக "மாதுங்கா" என்றது. பதினோராம் நாள் நிஜமாகவே மாதுங்காவில் ஒரு பேச்சிலர் ரூமுக்குப் போய்விட்டேன். ராம நாயக்கில் வாழையிலைச் சாப்பாடு, கஃபே மெட்ராஸில் டிபன், சண்முகானந்தாவில் கச்சேரி. தாராவிக்கும் மாதுங்காவுக்கும் நடுவில் ரயில் தண்டவாளம்தான். நடந்தே போகலாம். இருபது வருஷத்தில் நான் அதைத் தாண்டியது பொங்கலுக்குப் பொங்கல், அரை மணி நேரம், அதுவும் நின்றபடியே. அத்தான் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. பொண்டாட்டிக்குத் தெரியும். பையனிடம் சொன்னதே இல்லை.

'காலா' ஜூன் 7ஆம் தேதி வந்தது. அத்தான் மகன் போன் செய்தான். "மாமா, டிக்கெட் எடுத்திருக்கேன். தம்பியையும் கூட்டிட்டு வாங்க." போனோம். நாங்கள் நாலு பேர் ஒரே வரிசையில். பாட்டு வரும்போதெல்லாம் மருமகன் ஒரு வார்த்தை விடாமல் வாயசைக்கிறான். என் பையன் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். இடைவேளையில் பையன் கேட்டான், "அப்பா, நீங்க தாராவிக்குள்ள போயிருக்கீங்களா?"

நான் யோசிப்பதற்குள் அத்தான் சமோசாவைப் பிட்டுக்கொண்டே சொன்னார், "போறதா? உங்கப்பா பம்பாய்ல மொதல்ல படுத்தது நம்ம பரண்லதான்டா. பதினோரு நாள்."

அவரும் எண்ணி வைத்திருக்கிறார்!

பையன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வரவில்லை. கோபம் இல்லை. ஏதோ நல்ல பொருளை ஒளித்து வைத்துவிட்டேன் என்கிற மாதிரி. வீட்டுக்கு வந்ததும் ஒன்றுதான் கேட்டான், "ஏன் சொல்லல?" பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நோட்டு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் தாராவியில் உட்கார்ந்தோம். வருஷம், பாட்டு, மொழி, பாடியவர், எத்தனையாவது இடம் என்று ஐந்து கட்டம். மருமகன் சொல்லச் சொல்ல எழுதினோம். 1994 'பேட்டை ராப்' முதல் வரி. மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' ஆல்பம், 2006. தமிழிலேயே ஒரு முழு ராப் ஆல்பம் போடலாம் என்ற தைரியம் தாராவிப் பையன்களுக்கு அங்கிருந்துதான் வந்தது என்பது மருமகன் கட்சி. பிறகு டோப்அடெலிக்ஸ், 'காலா', 'உரிமையை மீட்போம்' எழுதிய அறிவு, 2019ல் அவருடைய 'தெருக்குரல்'. மருமகன் தன் கூட்டாளிகளோடு மொபைலில் பதிவு செய்த மூன்று பாட்டையும் சேர்க்கச் சொன்னான். சேர்த்தோம்.

கடைசிக் கட்டம் மட்டும் காலி. யூடியூப் எண்ணிக்கையைப் போடலாமா என்றால் மருமகன் சிரிக்கிறான். "மாமா, எங்க சந்துல ஒருத்தன் டவுன்லோடு பண்ணினா நாப்பது பேருக்குப் போயிரும். அது எங்க எண்ணப்படும்?" பார்கோடு எண்ணாத கடை மாதிரித்தான் இதுவும்.

எண்ணிக்கை ஏறினாலும் பெயர் ஏறுமா என்பது வேறு கேள்வி. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' உலகம் சுற்றியது. அந்த ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் பாட்டைப் பாடிய தீ இருந்தார், எழுதிக் கூடப் பாடிய அறிவு இல்லை. ரஞ்சித் உள்பட பலர் கேட்ட பிறகுதான் அவருக்கென்று ஓர் அட்டை வந்தது. 2024ல் ஹனுமான்கைண்ட் 'பிக் டாக்ஸ்' பாட்டோடு ஹாட் 100ல் 23ஆம் இடம் வரை போனார். கேரளத்தில் பிறந்து ஹூஸ்டனில் வளர்ந்தவர், இரண்டு தெற்குக்கும் சொந்தக்காரர். பையன் குதித்தான். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதே வருஷம் எனக்கு வேறொரு எண் முக்கியமாகிவிட்டது.

2024 மார்ச்சில் தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு தொடங்கியது. கீழ்த்தளத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்னால் இருந்ததற்கு ஆதாரம் உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு, பிறகு வந்தவர்களுக்கு ஒரு கணக்கு, மேல் தளத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. அத்தான் வீட்டுக் கதவிலும் பெயிண்டில் ஓர் எண் விழுந்தது. அவர் பெட்டியைக் கவிழ்த்துக் காகிதம் தேடிக்கொண்டிருந்தார். அதில் ஒரு இன்லேண்டு லெட்டர் கிடந்தது. 1998 ஜூலை. என் அப்பா எனக்கு எழுதியது, தாராவி விலாசத்துக்கு. நான் போன பிறகு வந்திருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தவர் மறந்துபோயிருக்கிறார்.

"இது ஆதாரமா எடுக்க மாட்டாங்க, மாப்ள. கரண்ட் பில்லு, வோட்டர் லிஸ்ட்டுதான் கேக்குறாங்க. அதுல பழசு கொஞ்சம் இருக்கு, பாப்போம். இத நீயே வச்சுக்க."

அன்று அரை மணி நேரத்தில் கிளம்பவில்லை. உட்கார்ந்து காகிதங்களை வருஷவாரியாக அடுக்கிக் கொடுத்தேன். பாட்டு நோட்டு எழுதின கை, அதுவாவது உதவட்டும். நான் முடிக்கிற வரை பையன் பரணில் படுத்துக்கொண்டு மருமகனோடு பேசிக்கொண்டிருந்தான். தமிழில். தப்புத் தப்பாக, தாராவித் தமிழில்.

அந்த நோட்டில் ஒரு பக்கம் பையன் கையெழுத்து. தமிழ் எழுத்து பழகியது அந்தப் பாட்டுப் பெயர்களை எழுதித்தான். 'தெருவிளக்கு' என்பதற்கு 'தெருவிலக்கு' என்று போட்டிருந்தான். திருத்தினேன். பிறகு, இருபது வருஷம் நான் செய்ததும் அதுதானே என்று தோன்றியது.

கடைசிக் கட்டம் இன்னும் காலிதான். இப்போதெல்லாம் ஆபீசில் புதுசாகச் சேருகிற பிள்ளைகள், பம்பாயில் முதலில் எங்கே சார் தங்கினீர்கள் என்று கேட்டால், "தாராவி, பதினோரு நாள்" என்று சொல்கிறேன்.

பி.கு: பட்டியலில் விட்டுப்போன தாராவித் தமிழ்ப் பாட்டு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். வருஷமும் பெயரும் போதும். இடம் வேண்டாம்.