ஒற்றையா, இரட்டையா?

ஜிமேட் தேர்வுக்குப் பயிலும் தம்பி ஒருவன் இன்று ஒரு வினாவைக் காட்டினான்:

'ஓர் எண்ணின் மும்மடங்கு இரட்டைப்படை எண். அந்த எண்ணும் இரட்டைப்படைதானா?'

ஒற்றையை ஒற்றையால் பெருக்கினால் ஒற்றையே வருமாதலால், 'ஆம்' என்று உடனே சொல்லத் தூண்டும் இவ்வினாவில், அது முழு எண் என்று எங்கும் சொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்கும் விவேகமே உண்மையான பரீட்சை. மூன்றில் இரண்டு பங்கு என்னும் பின்னத்தின் மும்மடங்கும் 2 அல்லவா!

யூக்ளிட் தம் மகத்தான கிரந்தத்தின் 9ஆம் புத்தகத்தில், 21ஆம் தேற்றம் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக நிரூபித்துச் சென்ற ஒற்றை இரட்டை நியதிகள், இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நம் சிந்தனையின் நேர்மையைச் சோதித்துக்கொண்டிருப்பது எனக்குப் பேரானந்தம் தருகிறது.

சொல்லப்படாததைச் சொல்லப்பட்டதாகக் கொள்ளும் சுபாவம் நமக்குக் கணக்கில் மட்டுந்தானா இருக்கிறது, நண்பர்களே?